சல்லடைக்குப் போட்ட நீலம்

கல்யாணமாகி மைசூருக்கு வந்த மூன்றாவது வாரம், எங்கள் குளியலறையில் அரபிக்கடலின் அடிமண் வந்து இறங்கியது. இரண்டு அட்டைப்பெட்டி நிறையச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடிக்குக் குறைவாகச் சாம்பல் நிறச் சேறு, மேலே ஓர் எண். என் கணவர் அந்தப் பெட்டிகளைச் சீர்வரிசைத் தட்டை இறக்கிவைப்பதுபோல் மெதுவாக இறக்கிவைத்துவிட்டு, "இதுதான் என் தீசிஸ்" என்றார். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. குளிக்க இருந்ததே முழங்கை இடிக்கிற ஓர் அறை. அதில் பாதியைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு மனுஷி எங்கே நிற்பது?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சரஸ்வதிபுரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவர் ஒரு கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்திக்கொண்டே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குப் பதிந்திருந்தார். மாமனார் ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூருக்கு வந்தவர். இவர் அங்கேயே பிறந்து கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பாதி வாக்கியம் தமிழில் கிளம்பிக் கன்னடத்தில் போய்ச் சேரும். நான் கொள்ளேகாலில் பட்டுத்தறி வீட்டுப் பெண். என் தமிழைக் கேட்டு முதல் மாதம் முழுக்க அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தமிழைக் கேட்டு நான் சிரிக்கவில்லை, பாவமாக இருந்தது.

அவர் பதிவு செய்து அப்போதே ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு முறை அவகாசம் வாங்கியாகிவிட்டது. மூன்றாவதாகக் கொடுத்ததுதான் கடைசி என்று கடிதத்தில் கோடு போட்டு எழுதியிருந்தார்கள். அதில் குறித்திருந்த ஏப்ரலுக்குள் தீசிஸ் உள்ளே போகாவிட்டால் பதிவு ரத்து, அத்தனை வருஷமும் தண்ணீரில் போட்ட உப்பு. கல்லூரியில் வேலை நிரந்தரமாவதும் அதை நம்பித்தான் இருந்தது. இதெல்லாம் எனக்குப் பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லை.

பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்ராஸ்கோப்புக்கு ஆள் மாற்றி ஆள் வரிசை. அதனால் அவருடைய வழிகாட்டிப் பேராசிரியரிடம் கடிதம் வாங்கிப் பழையது ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார். பகலெல்லாம் வகுப்பு. சாயங்காலம் வந்து அதில் கண்ணை வைத்தால் அரைமணியில் தலைவலி வந்துவிடும். ஒரு மத்தியானம், இந்த மனுஷன் அப்படி என்னதான் பார்க்கிறார் என்று நானும் குனிந்து பார்த்தேன்.

அன்றைக்கு ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது, எனக்குத் தெரியவில்லை. சேற்றைக் கழுவிக் காயவைத்த வெறும் வெள்ளைத் தூள் என்று நான் நினைத்திருந்தது தூளே இல்லை. ஒவ்வொன்றும் ஓர் ஓடு. உருண்டை, தட்டை, சுருள், முள்வைத்தது, கண்ணாடிபோல் மின்னுவது. ஒரு காலத்தில் கடலின் மேல்நீரில் மிதந்து உயிரோடு இருந்த சின்னஞ்சிறு ஜீவன்களாம். செத்து அடியில் விழுந்து, அடுக்கடுக்காகச் சேர்ந்து, அதைக் கப்பலில் போய்க் குழாய் இறக்கி எடுத்துவந்திருக்கிறார்கள். நான் கடலைப் பார்த்ததே இல்லை. அதன் அடியைத்தான் முதலில் பார்த்தேன், அதுவும் மைசூரில், ரசம் பொங்கிய வாசனையோடு.

அவற்றின் லத்தீன் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. நானே பெயர் வைத்தேன். முழு உருண்டை ஜவ்வரிசி. ஓரத்தில் கரைகட்டிப் பெரிதாகத் தட்டையாக இருந்தது தட்டை, தீபாவளிக்குச் சுடுகிற அதே தட்டை. மூன்று உருண்டை கூடி நின்றது அடுப்புக்கல். நாலு உருண்டை ஒட்டிக்கொண்டு நடுவில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது கொழுக்கட்டை. அவர் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவருடைய குறிப்பேட்டிலேயே லத்தீன் பெயருக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'கொழு', 'தட்' என்று எழுத ஆரம்பித்தார்.

அந்தக் கொழுக்கட்டையில்தான் எல்லாம் இருந்தது. ஒரு நாள் சாதம் வடித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்று விளக்கினார். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் மேற்கே கரையை ஒட்டிப் பலமாக வீசும்போது மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். அதில் சத்து அதிகம். கொழுக்கட்டைக்கு அந்தத் தண்ணீர்தான் பிடிக்கும், மளமளவென்று பெருகும். ஆகவே ஓர் அடுக்கில் கொழுக்கட்டை எத்தனை பங்கு என்று எண்ணினால், அந்தக் காலத்தில் காற்று எவ்வளவு வீசியது, கடல்நீர் எப்படி ஓடியது என்று சொல்லிவிடலாம்.

"ஜூன் மாசம் நம்ம ஜன்னலப் போட்டு அடிக்குதே, அந்தக் காத்துங்களா?"

"அதேதான். அங்க கடலக் கலக்கிட்டு ஆமேலே இங்க வரும்." ஆமேலே என்றால் அப்புறம்.

எங்கள் கொள்ளேகாலுக்கு அந்தக் காற்று வந்து சேரும்போது அதன் கையில் மழை மிச்சம் இருக்காது. வெறுங்கையோடு வந்து கூரையைப் பிய்க்கும். இவ்வளவு வேலை செய்துவிட்டு வருகிறது என்று தெரிந்திருந்தால் சின்ன வயதில் அத்தனை திட்டியிருக்கமாட்டேன்.

எண்ணுவதை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு பொட்டலத்துக்கு முந்நூறு ஓடு. மெல்லிய தூரிகை நுனியை ஈரமாக்கி, ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து, கறுப்பு அட்டையில் கோடு போட்ட கட்டங்களுக்குள் இனம் பிரித்து வைக்க வேண்டும். மூச்சு விட்டால் பறந்துவிடும். எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரியவில்லை. தறியில் அறுந்த பாவு இழையைத் தேடிப்பிடித்து முடிச்சுப் போட்டே வளர்ந்த கை. முதல் சில மாதம் அவர் எனக்குத் தெரியாமல் மறுபடி எண்ணிப் பார்த்தார். தெரியாமல் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். என் கணக்கு சரியாக இருந்தது. ஒரு நாள் சரிபார்ப்பதை நிறுத்திவிட்டார். எனக்குத் தாலி கட்டியதைவிட அது பெரிய மரியாதையாகப் பட்டது.

வழிகாட்டிப் பேராசிரியருக்கு இது தெரியாது. ஒரு முறை என் அட்டைகளைப் பார்த்துவிட்டு, "உன் கை பொம்பளைக் கை மாதிரி நைசா இருக்கே" என்று அவரைப் பாராட்டினாராம். இவர் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பாத்திரம் தேய்க்கும்போது எதற்காகவோ உள்ளுக்குள் சுருக்கென்றது.

எண்ணுவதற்கு முன்னால் கழுவ வேண்டும், அதுவும் என் கையில் வந்து சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய கண்களோடு ஒரு பித்தளை வளையச் சல்லடை. வெளிநாட்டுச் சாமான், துறையில் இருந்ததே இரண்டு. சேற்றை ஊறவைத்து, அதன் மேல் கொட்டி, தண்ணீரை மெல்ல விட்டுக்கொண்டே இருந்தால் களிமண் எல்லாம் கீழே போய் ஓடு மட்டும் நிற்கும். கீழ்வீட்டு அம்மா, "ஏன்ரீ, தினா கெசரு?" என்று கேட்பார், தினமும் என்ன சேறு என்று. கடல் என்று சொன்னால் நம்பமாட்டார் என்று, செடித்தொட்டி என்று சொல்லிவைத்தேன்.

ஒரு பொட்டலம் முடிந்து அடுத்ததைப் போடுமுன் ஒரு சடங்கு உண்டு. சல்லடையை நன்றாகக் கழுவி, மெத்திலீன் புளூ என்ற நீலச்சாயம் கரைத்த பக்கெட்டில் முக்கி எடுக்க வேண்டும். எவ்வளவு கழுவினாலும் நாலைந்து ஓடு எங்காவது சிக்கிக்கொண்டிருக்கும். சாயத்தில் முக்கினால் அவை நீலமாகிவிடும். அடுத்த பொட்டலத்தை எண்ணும்போது நீல ஓடு தென்பட்டால், இது போன வீட்டு விருந்தாளி என்று ஒதுக்கிவிடலாம். நாங்கள் அதை லேப் நீலம் என்போம். என் உள்ளங்கை எப்போதும் நீலமாகவே இருக்கும். கோயிலில் தீர்த்தத்துக்குக் கை நீட்டினால் அர்ச்சகர் ஒரு கணம் யோசிப்பார்.

கடைசி வருஷத் தசராவில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கல்லூரி, பல்கலைக்கழகம் எல்லாம் பூட்டு. ஊர் முழுக்க விளக்கு, சொந்தக்காரர்கள், கூட்டம். அவர் பழைய ஆராய்ச்சி இதழ்களை ஜெராக்ஸ் எடுக்கப் பெங்களூருக்குப் போயிருந்தார். கழுவ வேண்டியது ஏழே பொட்டலம் பாக்கி. அவர் வருவதற்குள் முடித்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. புட்டியைக் கவிழ்த்தால் லேப் நீலம் காலி. புதிதாக வாங்கத் துறை திறக்க வேண்டும், அதற்கு இன்னும் ஒரு வாரம். குளியலறைப் பிறையில் அவருடைய வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற துணி நீலம் இருந்தது. ரொம்ப யோசிக்கவில்லை. பக்கெட்டில் ஊற்றினேன். தண்ணீர் அதே நீலம். சல்லடையும் அதே நீலம். நீலம் நீலம்தானே என்று ஏழையும் கழுவி முடித்துவிட்டு, ஊர்வல யானையைப் பார்க்கப் போனேன்.

அவர் வந்ததும் காய்ந்த தூள் ஏழையும் வரிசையாக வைத்துக் காட்டினேன். என் கையைப் பிடித்து, "ஏன்ம்மா, லீவுல கூடவா" என்றார். துணி நீலம் போட்டதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. சமையலில் வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை போட்டதை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

தை மாதம் அந்த ஏழையும் எண்ணினேன். ஓடுகளே குறைவான அடுக்குகள் அவை, முந்நூறு தேறுவதே பெரும்பாடு. ஆனால் அவற்றில் கொழுக்கட்டை ஏராளம். மேலேயும் கீழேயும் சாதுவாக ஓடிக்கொண்டிருந்த கோடு, அந்த ஏழு பொட்டலத்தில் மட்டும் சாமுண்டி மலை மாதிரி எழுந்து நின்றது. வரைபடத் தாளில் அந்தப் புள்ளிகளை இணைத்துவிட்டு, அவர் மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். திடீரென்று காற்று வெறிகொண்டு வீசிய ஒரு காலம், யாரும் இதுவரை சொல்லாதது. பேராசிரியர் இதற்கென்றே தனி அத்தியாயம் எழுதச் சொல்லிவிட்டார். என் மனுஷன் சாலையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்ததை மாடியிலிருந்து அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது ஒரு வெள்ளைச் சட்டையால். மாசி மாதம், துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நீலம் கூடிப்போயிற்று என்று சட்டையை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினேன். பால் மாதிரி வெளுத்துவிட்டது. என் கையைப் பார்த்தேன். நீலம் துளியும் இல்லை. லேப் நீலம் பட்டால் நாலு நாள் சோப்புப் போட்டாலும் போகாதே என்று நினைத்தேன். சட்டையைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்தேன்.

ஈரக்கையோடு உள்ளே போனேன். வேண்டாமென்று ஒதுக்கிய ஓட்டுத் தூளில் இரண்டு சிட்டிகை எடுத்து இரண்டு கிண்ணத்தில் போட்டேன். ஒன்றில் லேப் நீலம், ஒன்றில் துணி நீலம். ஊறவைத்து, இரண்டையும் ஒரே மாதிரி கழுவிக் காயவைத்துப் பார்த்தேன். லேப் நீலத்தில் போட்டவை நாவல்பழம் மாதிரி இருந்தன. துணி நீலத்தில் போட்டவை வெள்ளை வெளேரென்று, ஒன்றுமே நடக்காததுபோல் கிடந்தன. அப்படியானால் அந்த ஏழு பொட்டலத்தில் எத்தனை விருந்தாளிகள் வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் அத்தியாயம் போகும், ஏப்ரலும் போகலாம். சொல்லாவிட்டால் ஒரு தூசும் அசையாது. அவர் பாடிக்கொண்டே சவரம் செய்துகொண்டிருந்தார். அந்தப் பாட்டைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது இரண்டு கிண்ணத்தையும் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். தசராவுல லேப் நீலம் தீந்து போச்சுங்க. துணி நீலத்தப் போட்டுத்தான் சல்லடைய முக்குனேன். அந்த ஏழு பொட்டலத்துக்கும்."

சாம்பார் விட்டுப் பிசைந்த கை அப்படியே நின்றது. "எந்த ஏழு?" என்று கேட்டார். தெரிந்துதான் கேட்டார். பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டு, கிண்ணங்களை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்படி டெஸ்ட் பண்ணணும்னு யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாருஞ் சொல்லலீங்க. நானாத்தான்."

"கரெக்டா பண்ணியிருக்க" என்றார். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"என்னையத் திட்டுங்க. ரெண்டு அடி வேணும்னாலும் அடிங்க. இப்படி உக்காராதீங்க."

"திட்டினா கடல் மாறிடுமா? ஹோக்லி விடு." போகட்டும் விடு என்று அர்த்தம். ஆனால் போகட்டும் என்கிற குரல் இல்லை அது. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவர் தட்டை மூடிவைத்தேன்.

சாயங்காலம் சல்லடையை எடுத்துக் கவிழ்த்து ஆராய்ந்தார். வளையமும் வலையும் சேரும் இடத்தில் ஓரிடத்தில் பற்றவைத்த ஈயம் விட்டு, நகம் நுழையாத ஓர் இடுக்கு இருந்தது. ஊசியால் நெருடிக் கறுப்புத் தாளில் தட்டினார். வெள்ளையாக ஒரு குவியல் விழுந்தது. அத்தனையும் கொழுக்கட்டை. அந்த ஏழுக்கு முன்னால் நான் கழுவியது வேறோர் இடத்துக் குழாயில் வந்த, கொழுக்கட்டை மலிந்த அடுக்கு. அவை இடுக்கில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏழு பொட்டலத்துக்கும் போய்க் குடியேறியிருக்கின்றன. மலை எழும்பியது இப்படித்தான்.

நல்லவேளையாக ஒவ்வொரு பொட்டலத்தின் மறுபாதியும் துறை அலமாரியில் இருந்தது. அதைத் திறக்கப் பேராசிரியரிடம் காரணம் சொல்ல வேண்டும். போய்விட்டு வந்து, "கீ கெடச்சுது" என்று மட்டும் சொன்னார். முகம் சிவந்திருந்தது. வேறு சல்லடை, உண்மையான லேப் நீலம், மறுபடி ஏழு. எண்ணும்போது தானே உட்காருகிறேன் என்றார். அடுப்புக்கல்லுக்கும் கொழுக்கட்டைக்கும் திணறுவதைப் பார்த்துத் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டேன். பங்குனி முழுக்க நான் வேறு எதையும் சமைத்ததாக ஞாபகம் இல்லை, சாதமும் ரசமும்தான். ஏழையும் எண்ணி முடித்தோம். மலை இல்லை. கோடு பழையபடி சாதுவாக ஓடியது.

"கடல் அங்க சும்நே இருந்திருக்கு. நாமதான் கலக்கிட்டோம்" என்றார். அன்றைக்குத்தான் மறுபடி சிரித்தார்.

அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டு நாலு பக்கமாக எழுதினார். டைப் அடித்து வந்ததும் எண்களைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஏழு மாதிரிகளும் இரண்டாம் முறை கழுவப்பட்டன என்று ஒரு வரி. முதல்முறை ஆராய்ச்சி மாணவர் செய்த பிழை காரணமாக என்று அடுத்த வரி.

"இது யாருங்க, இந்த ஆராய்ச்சி மாணவர்?"

"நான்தான்."

"நீங்க எப்பக் கழுவுனீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் மேல எதுக்கும்மா வரணும்? சார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அரைமணி திட்டினார், முடிஞ்சுபோச்சு. நான் பாத்துக்கறேன்."

என் மேல் பிரியத்தில் செய்ததுதான். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் உச்சி முதல் உள்ளங்கால்வரை எரிந்தது.

"அந்த ஏழக் கழுவுனது நானில்லீன்னா, மத்ததெல்லாங் கழுவுனது யாருங்க? எண்ணுனது யாரு? நல்லதுக்கும் எம்பேரு இல்ல, கெட்டதுக்கும் எம்பேரு இல்ல. இந்த வீட்டுல நான் எதுக்குங்க கையில நீலத்தப் பூசிக்கிட்டுத் திரிஞ்சேன்? என்ற தப்பையாவது எனக்குக் குடுங்க."

அவர் மெதுவாகத்தான் பேசினார். "இது முழுக்க என் சொந்த வேலைன்னு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். ஒய்ஃப் எண்ணினான்னு எழுதினா, இது உன் வேலையே இல்லன்னு திருப்பி அனுப்பிட்டா? டைம் இல்லையே."

அது எனக்குத் தெரியாது. அத்தனை வருஷ உழைப்பு அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று புரிந்ததும் கோபம் எல்லாம் எங்கோ போய்விட்டது. மறுநாள் காலை காபியைக் கொடுக்கும்போது, "அப்படியே இருக்கட்டுமுங்க. நான் கத்துனத மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். வாங்கிக்கொண்டு மேஜைக்குப் போனார். ஏப்ரல் முடிய நாலு நாள் இருக்கும்போது தீசிஸ் உள்ளே போயிற்று. அந்தப் பக்கத்தை நான் திரும்பப் பார்க்கவில்லை. பார்த்தால் வலிக்கும் என்று பயம்.

வாய்மொழித் தேர்வு ஆடியில் வந்தது. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாமாம். கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வெளியே அந்தக் காற்று ஜன்னல் கதவைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, யாரோ எழுந்து கொக்கி போட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தமிழ்க்காரர், வயதானவர், சிரிக்கத் தெரியாத முகம். ஒன்றரை மணி நேரம் துருவினார். பிறகு ஒரு பக்கத்தைத் திறந்து, அந்த ஏழைப் பற்றிய இரண்டு வரியை இங்கிலீஷில் படித்தார். ஆராய்ச்சி மாணவர் என்று இருந்த இடத்தில் என் பெயர் வந்தது. அதற்கு முன் யார் வாயிலும் அந்த அறையில் வந்திராத என் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு.

"இவங்க யாரு?" என்று கேட்டார்.

"என் ஒய்ஃப் சார். எல்லாச் சாம்பிளும் கழுவினது, எண்ணினது அவங்க. அந்தத் தப்பு அவங்களோடது. அதக் கண்டுபிடிச்சதும் அவங்கதான். மத்ததுக்கு நான் பொறுப்பு." அவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் தன் பிரதியில் அந்தப் பக்கத்தைத் தேடினார். பாவி மனுஷன், இப்படிப் போய் எழுதிவைத்துவிட்டாரே என்றிருந்தது.

தேர்வாளர் பின்னால் பார்த்தார். "வந்திருக்காங்களா?"

எழுந்தேன். "நீலம் மாறிப்போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுதும்மா?" என்று தமிழில் கேட்டார். சட்டையை, கையை, இரண்டு கிண்ணத்தை எல்லாம் சொன்னேன். குறித்துக்கொண்டார். எதைப் பிரிப்பது ரொம்பக் கஷ்டம் என்று கேட்டார். "கொழுக்கட்டையுங்க. சின்னதா இருந்தா அடுப்புக்கல்லு மாதிரியே தெரியும்" என்றேன். அறையே சிரித்தது. என் கணவர் சிரிக்கவில்லை. கரும்பலகைக்குப் போய் கொழுக்கட்டை என்று தமிழில் எழுதி, அதற்கு நேரே லத்தீன் பெயரை எழுதினார். கீழே அடுப்புக்கல், அதற்கு நேரே அதன் பெயர்.

"எண்ணுறதுக்கு எல்லாருக்கும் ஆள் உண்டு. யாரும் எழுதறதில்ல" என்று தேர்வாளர் பேராசிரியரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஒரு மணி நேரம் கழித்து, டாக்டர் என்று கூப்பிட்டு அவரிடம் கை குலுக்கினார்கள்.

நடந்தே வீட்டுக்கு வந்தோம். "திருப்பி அனுப்பியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன். "அழுதிருப்பேன்" என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. சாலை என்றும் பாராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தத் தீசிஸின் ஒரு பிரதி இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. பல்கலைக்கழக நூலகத்திலும் ஒன்று இருக்கும். இங்கே நான் யார் பெயரையும் எழுதவில்லை, என் பெயரையும். அங்கே நாற்பத்தொன்றாம் பக்கத்தில், தப்புக்குப் பக்கத்தில், அது எழுதியிருக்கிறது.